கொழுந்தில் பூண்டு வாசம்

"சரியாகிவிடும்" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை, அக்கா. நீங்கள் எதிர்பார்த்தது அந்த ஒரு சொல்லைத்தான். இன்று காலை மிளகும் பூண்டும் தட்டியபோது எழுந்த வாசனையில் அந்த நாள் திரும்பி வந்தது.

டிக்கோயா தேயிலை மலையில் மழை விடாத மாதம். விரல் மூட்டுகள் வீங்கி, விடியற்காலையில் கூடைக் கயிற்றைக்கூட உங்களால் பிடிக்க முடியாது. கொழுந்தின் எடை குறைந்துகொண்டே வந்தது. "இப்படியே போனா பேர வெட்டிருவாங்க" என்று கங்காணி எச்சரித்திருந்தார். பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து அறையும் போய்விடும். புருஷனை இழந்த நீங்கள் மகளோடு எங்கே போவீர்கள்?

பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போனீர்கள். எண்ணெய்க்கு வலி கேட்டது. ஆனால் கொழுந்து எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளுமே! நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"தேத்தண்ணிக்கா பறிச்ச, ரசத்துக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். உங்கள் கூடை மொத்தமும் சாக்கடைக் கானில் கொட்டப்பட்டது.

சாயங்காலம் பக்கத்து அறையிலிருந்து எங்கள் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தீர்கள். "நீதான் படிக்கிற புள்ள. கையில பூசாம வலி போக வழி இருக்கா?"

பூண்டு, மஞ்சள், இஞ்சி, கீரை எல்லாம் வீக்கத்தைத் தணிக்கக்கூடும் என்று எங்கோ படித்திருந்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

"கொஞ்சம் குறையலாம்க்கா. பூசுறத தின்னு பாப்போம்."

"குறையலாமா, குறையுமா?"

இஞ்சியை எடுத்து நசுக்கினேன்.

அதன்பின் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்னால் தினமும் எங்கள் வீட்டில் மஞ்சளும் பூண்டும் தூக்கலாய் மிளகு ரசம், இஞ்சி தட்டிய தேத்தண்ணி. ராத்திரிச் சோற்றுக்கு ஓடைக்கரை வல்லாரை. "எங்க ஆடு என்னையப் பாத்து மொறைக்குது புள்ள, அதோட தீனிய நான் திங்கிறேன்னு" என்பீர்கள். சாப்பிட்ட கையைச் சாம்பல் போட்டுக் கழுவி என் மூக்குக்கு நேரே நீட்டுவீர்கள். "மோந்து பாரு. அந்தக் கணக்கப்பிள்ள மூக்குக்குத் தப்புமா?"

கொழுந்து பறிக்க மலைக்கே போகாத நான், இப்போதும் பூண்டு உரித்தால் சாம்பல் போட்டுக் கழுவி முகர்ந்து பார்க்கிறேன்.

உங்கள் விரல்கள் நேராகவில்லை. காலையில் கொஞ்சம் சீக்கிரம் மடங்கின, அவ்வளவுதான். அது சாப்பாட்டாலோ, மழை விட்டதாலோ, தெரியாது. கொழுந்தின் எடை தேறியது. பிறகு வந்த பனிக்காலத்தில் நெஞ்சுச்சளி உங்களைக் கொண்டுபோனபோதும் தோட்டத்துப் பேர்ப்பட்டியலான செக்ரோலில் உங்கள் பேர் இருந்தது. இப்போது அந்த இடத்தில் உங்கள் மகளின் பேர் இருக்கிறது. அவள் அதே அறையில்தான் இருக்கிறாள்.