வண்டி வராத கரை

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கைப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து முகத்தில் பூசிக்கொண்டாள். வெயிலுக்குப் பூசுகிற க்ரீமாம். ஷூவுக்குத் தோல் வெட்டுகிற கட்டிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள், அவளுக்கு என்ன தெரியும். அந்த வாசனை வந்ததும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் மாதனூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்குத் தெரிந்ததோ பிரான்ஸ் தேசத்துக் கால்வாய்க் கரையும், முகமெல்லாம் வெள்ளையாக நின்ற நீயும்தான்.

"கறுத்துப் போய் அம்பது வருசம் ஆவுது. இனிமே இன்னாத்துக்குடா இது?" என்று உன் மகனைக் கேட்டாய். அவன் விடவில்லை. உனக்குப் பூசிவிட்டு எனக்கும் பூசினான். பரோட்டா மாவில் முகம் கழுவினவர்கள் மாதிரி இருந்தோம். நாம் சிரித்த சிரிப்பில், சைக்கிள் வாடகைக்குக் கொடுத்த வெள்ளைக்காரியும் ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. போனவளுக்கு எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். என்ன செய்ய, மனசு விட்டுப் பேச எனக்கு வேறு ஆளை வைத்துவிட்டா போனாய்?

கம்பெனி பஸ் விடுவதற்கு முன்னால் நாமெல்லாம் சைக்கிளில்தானே வேலைக்குப் போனோம். ஷூ தைக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர், பெங்களூர் ரோட்டின் ஓரமாக, ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி. கடைசியில் வருகிறவளுக்குத்தான் பொறுப்பு ஜாஸ்தி. பின்னால் லாரி சத்தம் கேட்டதும் அவள் "வண்டீ!" என்று கத்த வேண்டும். முன்னால் போகிறவர்கள் அத்தனை பேரும் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிவிடுவார்கள். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் ஹேண்டில் ஆடிவிடும். என்னைக் கடைசியில் போட்டதே நீதான். "உன் தொண்டைக்கு முன்னாடி ஹாரன்லாம் இன்னாடி?" என்றாய். எனக்கு முன்னால் நீ போவாய்.

அன்றைக்கும் நான் கத்தினேன். நீயும் இறங்கினாய். நீ இறங்கிய மண்ணுக்கே வந்து மோதியது அந்த வேன். கால் எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. "ரோட்ல போனாலும் வருது, ஓரத்துல எறங்கினாலும் வருது. எங்கதான்டி போறது?" என்று கட்டிலில் படுத்தபடி கேட்டாய். உன் வீட்டுக்காரர் சைக்கிளை விற்றுவிட்டார். பாலாற்றங்கரையில் அண்ணன் சைக்கிளைத் திருட்டுத்தனமாக ஓட்டிக் கற்றுக்கொண்டவள், சைக்கிள் என்றால் உயிரை விடுகிறவள், நீ ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அதற்கப்புறம் பஜாரில் நடந்து போகும்போதுகூடப் பின்னால் ஒரு பைக் உறுமினால் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொள்வாய்.

பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தோம். கொட்டிய முடி குட்டை குட்டையாக முளைத்து வந்த சமயத்தில் உன் மகன் கூப்பிட்டான். தூலூஸ் என்ற ஊருக்குப் படிக்கப் போய் அங்கேயே வேலையும் தேடிக்கொண்டவன். "டாக்டர்கிட்ட கேட்டாச்சும்மா, வரலாம்னு சொல்லிட்டாரு. சித்தியையும் கூட்டிட்டு வா" என்றான். கூடப் பிறக்காத என்னை அவன் சித்தி என்றுதான் கூப்பிடுவான். அங்கே கால்வாய்க் கரையோரமாக நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகலாம், காரோ லாரியோ அந்தப் பாதைக்குள் வரவே கூடாது என்று சொல்லி வீடியோவில் காட்டினான். நீ நம்பவில்லை. "ஒரு டூவீலர்கூடவா வராது? புளுவுறான் பாரு."

உன் வீட்டுக்காரர், "இந்த ஒடம்ப வெச்சுக்கினு சைக்கிளா? பேஜார் பண்ணாத" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது என்னிடம் சொன்னாய்: "ஒரே ஒரு நாள்டி. பின்னாடி பயம் இல்லாம ஒரு நாள் ஓட்டிட்டேன்னா போதும். அப்புறம் எது வேணா வரட்டும்." அதைக் கேட்ட பிறகு நான் எப்படி வரமாட்டேன் என்பேன்? என் மாமியார் வாயைக் கோணினாள். கோணட்டும் என்று விட்டுவிட்டேன்.

நிஜமாகவே அங்கே ஒரு வண்டியும் இல்லை. பெரிய பெரிய மரங்கள் தலைக்கு மேலே கிளை கோத்து நின்றன. பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. தோல் பதப்படுத்துகிற ஷாப்புகளின் உப்பு வாடையிலேயே பிறந்து வளர்ந்த மூக்கு நமக்கு. நீ காற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "காத்துல உப்பு கம்மியா கீதுடி" என்றாய், சாம்பாரைச் சொல்வதைப் போல.

அவ்வளவு நல்ல பாதையை வைத்துக்கொண்டு நீ என்ன செய்தாய்? பழக்க தோஷம், இடது ஓரத்துக்குப் போனாய். "மா, இங்க ரைட்ல போவணும்" என்றான் மகன். "ஓரம்னா எந்த ஓரமா இருந்தா இன்னாடா?" என்று வலது ஓரத்துக்கு மாறினாய். அங்கேயும் பாதையில் ஓட்டவில்லை, புல்லில் ஓட்டினாய். பின்னால் மணிச்சத்தம் கேட்டால் தீர்ந்தது. சைக்கிளை விட்டு இறங்கி, மரத்தோடு ஒட்டி நின்று வழி விடுவாய். ஆமை வேகத்தில் வந்த ஒரு தாத்தாவுக்கும் இறங்கினாய். அவர் "மெர்சி" என்று நன்றி சொன்னார். "பரவால்ல, நீங்க போங்க" என்று தமிழில் சொல்லி அனுப்பினாய். முட்டி உயரச் சைக்கிளில் வந்த குழந்தைக்கும் நீ இறங்கி நின்றதைப் பார்த்து உன் மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

அவன் முன்னால், நீ நடுவில், நான் கடைசியில். யாரும் சொல்லாமலே நான் என் இடத்துக்குப் போய்விட்டிருந்தேன். நிமிஷத்துக்கு ஒரு தரம் உன் குரல் வரும்.

"பின்னாடி இன்னா வருது?"

"ஒண்ணும் வரல."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன்டி யம்மா, போ!"

அன்று தங்கின வீட்டுத் தோட்டத்தில் உனக்குக் கழுத்தில் தைலம் தேய்த்துவிட்டேன். கழுத்து கட்டையாகிவிட்டிருந்தது. "இவ்ளோ தூரம் வந்தும் விடமாட்டேங்குதே" என்று அழுதாய். எனக்குக் கோபம்தான் வந்தது, உன்மேல் இல்லை, அந்த வேன்காரன்மேல். அவனைத் திட்டக்கூடிய வார்த்தையெல்லாம் அந்த ஊரில் வைத்துத் திட்டித் தீர்த்தேன். நீ அழுதுகொண்டே சிரித்தாய்.

மறுநாள் ஒரு மதகைப் பார்த்தோம். படகு உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் ஏற ஏறப் படகும் மேலே ஏறுகிறது. காவேரிப்பாக்கம் ஏரி மதகில் தண்ணீர் கீழே பாய்வதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இது ஆளையே தூக்கிவிடுகிறது. படகில் இருந்த புருஷனும் பெண்டாட்டியும் காபி குடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். "அவசரமே இல்ல பாரு. தண்ணி ரொம்பட்டும்னு குந்திக்கினு கீறாங்க" என்றாய். அடுத்த படகு, அதற்கடுத்த படகு என்று நீயும் எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் மகன் கடிகாரத்தைப் பார்த்தான். நான் அவனைக் கண்ணாலேயே அடக்கினேன்.

மூன்றாம் நாள் காலை தண்ணீர்மேல் பனி படிந்திருந்தது. கனவில் ஓட்டுவதைப் போல ஓட்டிக்கொண்டிருந்தோம், சக்கரச் சத்தம் மட்டும்தான். வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, நீ ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தால், உன் சக்கரம் புல்லில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, பாதைக்கு நட்ட நடுவில் போய்க்கொண்டிருந்தாய். என் பின்னால் மணி அடித்தது. நீ இறங்கவில்லை. மணி அடித்தவன் உன்னைச் சுற்றிக்கொண்டு போனான். நீ பாட்டுக்குப் போனாய்.

உன் உடம்பை நினைத்து மகன் உனக்கு எடுத்த சைக்கிளில் பேட்டரி இருந்தது, என்னுடையதில் என் கால்தான். மகனையும் தாண்டினாய். அவன் பதறிப்போய் உன்னைத் துரத்தினான். வளைவில் திரும்பிப் பனிக்குள் இரண்டு பேரும் மறைந்துவிட்டீர்கள். "ஏய், நில்லுடி!" என்று கத்தலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. கத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு நான் செய்த நல்ல காரியம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது நீ ஒரு மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாய். "எங்கடி போய்ட்ட?" என்று என்னையே கேட்டாய், கொழுப்பைப் பார். அப்புறம் ஆச்சரியப்பட்டவள் மாதிரி சொன்னாய்: "நீ பின்னாடி வர்றன்றதே மறந்து போச்சுடி." நான் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னை யாரும் மறந்து எனக்கு அப்படிச் சந்தோஷம் வந்ததே இல்லை.

ஊருக்கு வந்து அடுத்த ஆடியைக்கூட நீ பார்க்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது மெயின் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஒதுங்கி நின்றன. நம் வழக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். எப்போதும் கடைசியில் வருகிற எனக்கு அங்கேயே நிற்பது எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? யாரோ கையைப் பிடித்து இழுக்கும்வரை நின்றேன்.

"பிரான்ஸ் போய்ட்டு வந்தியே, இன்னா பாத்த?" என்று கம்பெனியில் இன்னும் கேட்கிறார்கள். மரம், கால்வாய், கோட்டை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைக்கிறேன். உன்னிடம் எதற்குப் பொய்? நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. மூன்று நாளும் நான் பார்த்துக்கொண்டிருந்தது உன் முதுகைத்தான். முதல் நாள் காது வரைக்கும் தூக்கிக்கொண்டிருந்த தோள் இரண்டும் மூன்றாம் நாள் தளர்ந்து இறங்கியிருந்தன. இப்போதும் கண்ணை மூடினால் அந்த முதுகு பனிக்குள்ளே, நடுப்பாதையில், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.