கணக்குச் சொன்னால் வரி

19 ஜனவரி 1959

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் சுலோசனா எழுதுகிறாள். "நீங்க பேசற மாதிரியே எழுதினா நல்லா இருக்காது மாமா" என்று படிப்புத் தமிழில் மாற்றிக்கொள்கிறாள். யார் படிக்கப்போகிறார்கள்? போகட்டும்.

இன்று முனிசிபாலிட்டி பில் கலெக்டர் நாகபூஷணம் வந்தார். வீட்டு வரி. ஆந்திரா, மெட்ராஸ் எல்லைக் கோடு முடிவாகட்டும் என்றேன். ஆந்திரா பிரிந்த வருஷத்திலிருந்து இதே பதில்தான். தெலுங்கு முத்திரை போட்ட ரசீதை வாங்கினால், நாங்களே ஆந்திரா பக்கம் என்று ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள். நாளைக்கு ஊர் மெட்ராஸ் பக்கம் போனால் கட்டிய பணமும் போச்சு.

"பெத்தாயனா, பெரியவரே, நீங்க கட்டினா வீதியே கட்டும்" என்றார். அது நிஜம். எங்கள் தறி வீதியில் பொதுக் காரியத்துக்குத் தட்டு முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். நான் போடாமல் அடுத்த வீட்டுக்காரன் போடமாட்டான்.

2 மார்ச்

வீதிக் கிணறு வற்றிவிட்டது. பெண்கள் ரயில் கேட்டைத் தாண்டிப் போகிறார்கள்.

20 மார்ச்

என் பெண்சாதி செங்கம்மா கேட்டில் மாட்டிக்கொண்டாள். ரேணிகுண்டா போகிற கூட்ஸ் நின்றுவிட்டதாம். வெயிலில் இடுப்புக் குடத்தோடு நின்றுவிட்டு வந்தவள், குடத்தை என் காலடியில் வைத்தாள்.

"பக்கத்து வீதியில குழாய் வந்துகினு கீது. வரி கட்டின வீதிக்குத்தான் முதல்ல போடறாங்களாம். நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

"எல்லை முடியட்டும்டி."

"கோடு எந்தப் பக்கம் போனாலும் கேட்டைத் தாண்டி தூக்கறவ நான்தான். நீ தூக்கறியா?"

சுலோசனா இதை எழுதும்போது சிரிக்கிறாள். அவளுக்கு இது ஆறாம் மாசம். அவளும் தூக்குகிறாள்.

16 மே

கங்கம்மா ஜாத்திரை நல்லபடி முடிந்தது. தட்டு ஒரே சாயங்காலத்தில் வீதி முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. இட்லி விற்கிற வெங்கடம்மாகூடப் போட்டாள்.

வழக்கம்போல மறுநாளான இன்று காலையில் கோயில் வாசலில் கணக்கு ஒப்பித்தோம். பம்பைக்காரனுக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. பூவுக்கு ஏன் அவ்வளவு என்று எதிர் வீட்டு ரத்தினம்மா சண்டை பிடித்தாள். "ஆத்தா தலையில வெச்சியா, உம் பொண்டாட்டி தலையில வெச்சியா?" பூ வாங்கினவன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான்.

அந்தப் பக்கமாகப் போன நாகபூஷணம் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "எங்களுக்கு மட்டும் ஏன் தரமாட்றீங்க?" என்றார்.

"ஆத்தா பணத்துக்குக் கணக்கு சொல்றோம். உங்க ஆபீசு என்னிக்காவது வீதிக்கு வந்து சொல்லிச்சா?" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். வாயை அடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

3 ஜூன்

நாகபூஷணம் அதைப் போய்ப் புதுக் கமிஷனரிடம் சொல்லியிருக்கிறார்! ஞாயிற்றுக்கிழமை கமிஷனரே வந்து கணக்கு சொல்லப்போகிறாராம்.

விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தை. இப்போது என்ன செய்வது?

7 ஜூன்

கமிஷனர் பெயர் தாமோதரன். ஒல்லி ஆள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அரைகுறைத் தமிழ். வந்தது எவ்வளவு, தோட்டிகள் சம்பளம், விளக்கு எண்ணெய், ரோடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த வீதியிலிருந்து வந்தது என்று சொல்லும்போது கொஞ்சம் நிறுத்தினார்.

"ஒண்ணும் இல்லை" என்றார்.

சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ரத்தினம்மா விடுவாளா? விளக்கு எண்ணெய் எங்கள் வீதிக்கு வரவே இல்லையே, யார் வீட்டுத் தாளிப்புக்குப் போச்சு என்றாள். அவர் கோபப்படவில்லை. விசாரிக்கிறேன் என்று குறித்துக்கொண்டார். பிறகு, "இந்த வருஷ வரியைக் கட்டுங்க, பழைய பாக்கியைத் தவணையில தாங்க. மழைக்கு முன்னால குழாய். வருஷம் முடிஞ்சதும் இதே இடத்தில் கணக்கு" என்றார்.

நான் எழுந்து கேட்டுவிட்டேன். "ரசீது வாங்கினா ஆந்திராவுக்கு ஓட்டுப் போட்ட மாதிரின்னு எழுதிக்குவீங்களா?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. நாகபூஷணம் தெலுங்கில் சொன்னார். அவர் முகம் மாறிவிட்டது. "இதுக்காகவா இத்தனை வருஷம் கட்டலை? ரசீது வீட்டுக்கு ஐயா. எல்லைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை."

"ஊரு மெட்ராசுக்குப் போயிட்டா?"

அவர் பதில் சொல்வதற்குள் வெங்கடம்மா கத்தினாள். "போனா போவுது! மண்ணுல பொதைச்ச குழாயைப் புடுங்கிக்கினா போவாங்க?"

எல்லார் கண்ணும் என்மேல். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

8 ஜூன்

இந்த ஊர் வடஆற்காட்டு ஜில்லாவில் இருந்தது. பிறகு சித்தூர் ஜில்லா என்றார்கள். அப்போது நான் வாலிபன். அன்றைக்கும் ஊரே கலங்கிப்போய்ப் பேசியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. மறுநாள் காலையில் அம்மா அதே கிணற்றுக்குத்தான் போனாள். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? நான் பிடித்ததுதான் பிடி என்று இருந்துவிட்டேனா?

செங்கம்மாவிடம் மஞ்சள் பூசின தட்டை எடுக்கச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் எடுத்து வந்தாள். முதலில் நான் வைத்தேன். பிறகு வாசல் வாசலாகப் போனது. நாகபூஷணத்துக்கு ரசீது எழுதி மாளவில்லை. "தட்டில போட்டா எப்டி? யார் பணம் யார்துன்னு எனக்கு எப்டி தெரியும்?" என்று அலறினார். பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வைத்தார்கள். வெங்கடம்மா பாதிதான் வைத்தாள். மிச்சம் ஆடியிலாம்.

19 ஜூலை

சுலோசனாவுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். இதை அவளே படுத்துக்கொண்டு எழுதுகிறாள். வேண்டாம் என்றால் கேட்கிறாளா?

30 ஆகஸ்டு

பள்ளம் தோண்டினார்கள். குழாய் வரவில்லை. மழை வந்துவிட்டது. பள்ளத்தில் ஆடு விழுந்தது. "பெரிய வீட்டு பேச்சைக் கேட்டு ஏமாந்தோம்" என்று ஒருவன் என் காது படச் சொன்னான்.

11 அக்டோபர்

இன்னும் இல்லை. நாகபூஷணம் வீதிக்கு வராமல் சுற்றிக்கொண்டு போகிறார்.

4 நவம்பர்

வந்தது! முதலில் காற்று, பிறகு செம்மண், பிறகு தண்ணீர். செங்கம்மா குடத்தைக் கழுவிவிட்டு முதல் குடத்தை நாகபூஷணம் கையில் ஊற்றிக் குடிக்கச் சொன்னாள். அந்த மனுஷன் அழுதுவிட்டார்.

5 நவம்பர்

குழாயடியில் முதல் சண்டை. ரத்தினம்மாதான்.

1 ஏப்ரல் 1960

இன்றிலிருந்து திருத்தணி மெட்ராஸ் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம்தான். சுலோசனா பேப்பரைப் படித்தாள். என் தங்கை வீடு திருத்தணியில் இருக்கிறது. அவள் இப்போது வேறு ராஜ்யக்காரி.

மத்தியானம் சட்டையைப் போட்டுக்கொண்டு முனிசிபாலிட்டிக்கு நடந்தேன். உள்ளே போவது இதுதான் முதல் தடவை. குமாஸ்தா தெலுங்கில் என்ன வேண்டும் என்றார். வருஷம் முடிந்தது, தறி வீதிக்குக் கணக்கு சொல்ல எப்போது வருகிறீர்கள் என்று தெலுங்கிலேயே கேட்டேன்.

அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கமிஷனர் சொல்லியிருக்கிறாராம். ஆனால் கணக்கு வருஷம் நேற்றுத்தான் முடிந்ததாம், எல்லாம் கூட்டிப் போட இன்னும் பத்து நாளாவது ஆகுமாம். "மீரு அப்பட்டிதாகா ஆககலரா?" என்றார். அதுவரை பொறுப்பீர்களா என்று.

பொறுக்கிறேன் என்றேன். எங்கே போய்விடப் போகிறேன், இந்த ஊரில்தானே இருக்கிறேன்.