திருப்பிப்போட்ட நிலா

அன்புள்ள சிட்டுக்கு,

அம்மா எழுதுவது. மணி ஒன்றேகால் ஆகிறது, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நாங்கள் இங்கே நலம் என்றுதான் வழக்கமாக ஆரம்பிப்பேன், இன்றைக்கு நீ அங்கே நலமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. காலையில் எழுதலாம் என்று படுத்தேன், புரண்டதுதான் மிச்சம், அப்பா தூக்கத்திலேயே "லைட்டை அணைச்சிட்டுப் படேன்டி" என்கிறார், அதனால் சமையலறை மேடைமேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். முடித்ததும் படம் எடுத்து உன் போனுக்கே அனுப்பிவிடுவேன், பேசலாம் என்றால் "எல்லாம் ஓகேம்மா, வெச்சிடறேன்" என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாயே.

நீ வேலைக்குச் சேர்ந்தபோது பேசிக்கொண்டோம் அல்லவா, தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன் விடுதி மொட்டைமாடியிலிருந்து நீ ஒரு நிலா, இங்கிருந்து நான் ஒரு நிலா. போனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வை, நிலாவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறை, இல்லாவிட்டால் வெறும் பல்புதான் வரும் என்று சொல்லிக்கொடுத்தேன். பிறையிலிருந்து பௌர்ணமி வரை நீ அனுப்பியதையெல்லாம் நான் வேலைபார்க்கும் போட்டோ ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஒரே தாளில் பிரிண்ட் போட்டேன், முதலாளி பார்த்துவிட்டு "என்னம்மா, நிலா எந்த ஊருக்கு விசா கேக்குது?" என்று சிரித்தார். பௌர்ணமிக்கு அப்புறம் இங்கே ஒரே மேகம், என் பக்கம் படமே இல்லை, நீ மட்டும் "எட்டு மணி நிலா" என்று எழுதித் தவறாமல் அனுப்பினாய்.

இன்றைக்குத்தான் வானம் விட்டது. எட்டு மணிக்கு மாடிக்குப் போனால் நிலாவே இல்லை, ஒன்பதுக்கும் இல்லை, உன் படம் மட்டும் எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. நம் இரண்டு ஊர்க் கடிகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. அப்புறம்தான் உறைத்தது, பௌர்ணமி கழிந்தால் நாளுக்கு நாள் முக்கால் மணி நேரமாவது பிந்தித்தானே நிலா எழும், காலேஜில் படித்ததை எங்கே தொலைத்தேனோ. கடைசியில் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து பாதி நிலா வந்தது. எடுத்து உன் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். நிலாவின் ஓரத்தில் முட்டை வடிவில் ஒரு கறுப்புத் திட்டு இருக்குமே, அதன் மச்சம் என்பாயே, வளரும்போது வெளிச்சம் முதலில் தொடுவதும் அந்தப் பக்கம்தான், தேயும்போது இருட்டு முதலில் மூடுவதும் அந்தப் பக்கம்தான். என் படத்தில் மச்சம் இருட்டுக்குள் போய்விட்டது. உன் படத்தில் பளிச்சென்று இருக்கிறது, அதுவும் எதிர் ஓரத்தில். பௌர்ணமிக்கு முன்னால் எடுத்த பழைய படத்தை இடம் வலமாகத் திருப்பிப்போட்டு அனுப்பியிருக்கிறாய். இதற்கு முந்தைய ஐந்து நாள் படங்களும் இதே கதைதான். நாள் முழுக்க செல்ஃபியில் வகிடு மாறிய முகங்களைச் சரிசெய்கிறவளிடமாடி இந்த வேலை?

கோபமில்லை கண்ணு. ஆறு நாளாக நீ மாடிப்படி ஏறவில்லை என்பது தெரிகிறது, ஏன் என்றுதான் தெரியவில்லை. காய்ச்சலா, மாடியில் யாராவது ஏதாவது சொன்னார்களா, வேலையில் ஏதாவதா. நேற்று உன் அறைத்தோழி "அவ தூங்குறா ஆன்ட்டி" என்றபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஆறரைக்குத் தூங்குகிற பிள்ளையா நீ? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் சட்டையைக்கூட மாற்றாமல் பஸ் ஏறிவிடுவார்.

நானும் யோக்கியமில்லை. போன மாதம் அப்பா படம் அனுப்பினேனே, கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்து அவர் இடது கையில் மாவுக்கட்டு, நீ பதறுவாய் என்று தோளோடு வெட்டித்தான் அனுப்பினேன். கட்டைப் பிரித்தாயிற்று, இப்போது டம்ளர் பிடிக்கிறார். இனி நான் வெட்டாமல் அனுப்புகிறேன், நீ திருப்பிப்போடாமல் சொல். எதுவாக இருந்தாலும் திட்டமாட்டேன்.

நீ மாடிக்குப் போக வேண்டாம், இருட்டில் எங்கேயும் போக வேண்டாம். உன் ஜன்னல் மேற்குப் பார்த்தது, மத்தியான வெயில் பொசுக்குகிறது என்று புலம்புவாயே, தேயும் நிலா காலையில் அந்தப் பக்கம்தான் இருக்கும், ஒன்பது மணிக்குச் சாக்பீஸ் நிறத்தில். கட்டிலில் இருந்தபடியே எடு, படம் கலங்கலாக வந்தாலும் பரவாயில்லை, கூடவே நடந்ததை நடந்தபடி எழுது. பத்து மணி பஸ்ஸுக்குப் பை எடுத்து வைத்துவிட்டேன், ஏறுவதும் ஏறாததும் உன் பதிலைப் பார்த்துத்தான். ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு, அம்மாவின் ஆசி எந்நேரமும் உன்னோடு இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி.

சீக்கிரம் பதில் எழுது.

உன்
அம்மா