காற்றுக்கு எதிரே ஒரு லிட்டர்

அன்பு மகள் மீர்த்தாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நீயும் குழந்தை பிலாரும் ஸ்பெயினில் அந்த வலென்சியா ஊரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்த வார்த்தைக்குக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். போன தடவை காலேத்தா டவுனிலிருந்து போன் பேசும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிட்டேன், பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார், நீயும் சிரித்துச் சிரித்துப் பேசினாய். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், உட்கார்ந்து படி.

அக்டோபர் பிறந்ததிலிருந்து காற்று நிற்கவே இல்லை. பாதி ஆடுகள் ஈன்றுவிட்டன, ஆனால் குட்டி எழுந்து நின்று தாய்மடியைத் தேடுவதற்குள் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது, வேலி ஓரத்தில் செத்துக் கிடக்கிறவற்றை அப்பா காலையில் பொறுக்கிக்கொண்டு வருகிறார். குதிரையில்தான் போகிறார். இடுப்பு வலியோடு இந்த வயதில் ஏன் குதிரை, பண்ணை வண்டி இருக்கிறதே என்று நீ கேட்பாய். அந்த வண்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒன்றரை வருஷமாக எங்கள் பிழைப்பே அந்தப் பிக்கப் வண்டி ஒரு லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலாளி ப்யூனஸ் அயர்ஸில் இருந்துகொண்டு மாதத்துக்கு ஒரு டிரம் டீசல் சாமான் லாரியில் அனுப்புகிறார் என்பது உனக்குத் தெரியும். பண்ணை வேலைக்கும் சரி, எனக்கு ரத்தம் சுத்தம் பண்ணக் காலேத்தா போய்வருவதற்கும் சரி, எல்லாம் அந்த ஒரு டிரம்தான். நடுவழியில் பங்க் வைத்திருந்த கிழவர் கடையை மூடிவிட்டு மகனோடு வடக்கே போய்விட்டார். டவுனில் ரொப்பிக்கொள்ளலாம், ஆனால் அப்பாவின் சம்பளம் என் மருந்தோடு முடிந்துவிடுகிறது. வண்டியோடு வந்த புத்தகத்தில் லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது, மேனேஜர் லெதெஸ்மா அதைத்தான் வேதம் மாதிரி வைத்துக் கணக்குப் போடுகிறார், பதினாலு என்றால் டிரம் மாதம் முழுக்கத் தாராளமாக வரும், அப்பா எங்கேயோ ஊதாரித்தனம் பண்ணுகிறார் என்று அவருக்கு ஒரு நினைப்பு. இந்த மேட்டுவெளியில் எந்த வண்டி பதினாலு கொடுத்தது சொல். காலேத்தாவுக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும், அப்போது பன்னிரண்டு வரும், அப்பா முகம் தெளிவாக இருக்கும். திரும்பி வரும்போது மேற்கே பார்த்து வர வேண்டும், ஐந்தாவது கியர் போட்டால் வண்டி திணறும், நாலுக்கு இறக்குவார், அதுவும் பிடிக்காது, மேட்டில் மூன்றாவதுதான், என்ஜின் அலறும், டீசல் முள் கண்ணெதிரே இறங்கும். ஏழு கொடுத்தால் பெரிய விஷயம். ஆக்சிலேட்டரில் கால் வைப்பது தூங்குகிற குழந்தை மேல் கை வைப்பது போல இருக்கும், ஒரு தடவைகூட வெடுக்கென்று கிளட்ச்சை விட மாட்டார், டயருக்குக் காற்று அவரே அடிப்பார், ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினால்கூட மூடு எல்வீரா, காத்த இழுக்குது என்பார். அப்படி மிச்சம் பிடித்தும் போதவில்லை, அதனால்தான் வேலி பார்க்கக் குதிரை, தண்ணீர்த் தொட்டி பார்க்கக் குதிரை. டீசல் முழுக்க எனக்கு.

ஆகஸ்டில் லெதெஸ்மா பல் பிடுங்கிக்கொள்ள எங்களோடு காலேத்தா வந்தார். வரட்டும், பாக்கட்டும் என்று அப்பா என்னிடம் மட்டும் சொன்னார். போகும்போது அந்த மனுஷர் தன் கணக்குத்தான் சரி என்கிற மாதிரி முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார், பாத்தீங்களா பெரியவரே, நல்லாத்தானே குடுக்குது என்றார். திரும்பும்போது முள் இறங்குவதையும் அவரே பார்த்தார். மூடிக்கிடக்கிற பங்க் பக்கத்தில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, இறங்கினேன், கதவைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது, லெதெஸ்மாதான் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை மீர்த்தா. வீங்கின தாடையோடு என்னை ஏற்றி உட்கார வைத்துவிட்டு அப்பாவிடம், புத்தகத்துல பதினாலுன்னுதானே போட்டிருக்கான் என்றார். அப்பா, புத்தகம் எழுதினவன் இந்த ரோட்டுல வந்தானா தம்பி, உங்க பக்கம் வந்தா ஒருநாள் கூட்டிட்டு வாங்க, நான் ஓட்டிக் காட்டறேன் என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இனிமேலாவது இன்னொரு அரை டிரம் எழுதிக் கேட்பார் என்று நினைத்தோம். வீட்டு வாசலில் இறங்கும்போது அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. நான் பாத்துட்டேன் பெரியவரே, இல்லன்னு சொல்லல, ஆனா முதலாளிகிட்ட நான் காத்தைப் புடிச்சா காட்ட முடியும், என் வேலையையும் நான் பாக்கணும்ல என்றார். அப்பா தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து மாத்தே டீக்கு வெந்நீர் வைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதற்கு மேல்தான் நீ மனசைக் கெட்டிப்படுத்திக்கொள்ள வேண்டும். செப்டம்பர் கடைசியில் டாக்டரம்மா, வாரத்துக்கு ரெண்டு தடவை இனிமே காணாதும்மா, மூணு வேணும், இல்லன்னா டவுன்லயே வந்து இருங்க என்று சொல்லிவிட்டார். டவுனில் எங்கே இருப்பது, இந்த வீடு பண்ணை வீடு, அப்பா வேலையை விட்டால் வீடும் போய்விடும், அவர் வயதுக்கு டவுனில் யார் வேலை தருவார்கள். மறுநாள் கொல்லைப் பக்கம் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். வண்டியின் பின்தட்டிலிருந்த இரும்புக் கம்பிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்புறம் டூல்ஸ் பெட்டி, முன்பக்கத்து இரும்பு பம்பர், பின்கதவு, கடைசியில் ஸ்டெப்னிகூட. ஸ்டெப்னி இல்லாம இந்தக் கல் ரோட்டுல போறதா, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு என்று கேட்டேன். எடை குறைஞ்சா எட்டு குடுக்கும், எட்டு குடுத்தா மூணு தடவை போகலாம் என்றார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கழற்றின வண்டியிலேயே அடுத்த தடவை போய்வந்தோம். அதிர்ஷ்டமோ என்னவோ காற்றும் கொஞ்சம் தணிந்திருந்தது. வீட்டு வாசலில் என்ஜினை நிறுத்திவிட்டு அவர் முள்ளைக் காட்டினார் பார், நம் பழைய சமையலறையில் உனக்கு நீச்சல் சைக்கிள் எல்லாம் வரும் என்று பெருமையடிப்பாரே, அந்த முகம். ஒம்பது எல்வீரா, ஒம்பது குடுத்திருக்கு, அவசரத்துக்கு எடுத்துட்டுப்போன கேனை நான் தொடவே இல்ல என்றார். என்னால் வண்டியிலிருந்து இறங்க முடியவில்லை, கால் மரத்துக் கிடந்தது. அந்த ஆளிடம் எப்படிச் சொல்வது சொல். நான் ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தேன் மீர்த்தா. டாக்டரம்மா மூன்று என்று சொன்ன அந்த நிமிஷமே பண்ணிவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் அந்த நாற்காலி, மூன்று நாள் அந்த ரோடு, மிச்ச நாள் கண்ணைத் திறக்க முடியாத அசதி. இதில் பிழைப்பது யார்.

இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். டீசலுக்காக இல்லை, டிரம் டிரம்மாக வந்து இறங்கினாலும் நான் இனிமேல் போக மாட்டேன், எனக்குப் போதும் என்று சொன்னேன். பத்து குடுக்க வைக்கறேன் என்றார். பதினாலே குடுத்தாலும் வேண்டாங்க என்றேன். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். எழுந்து வெளியே போனார். சாயங்காலம் வரைக்கும் ஸ்பேனர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கழற்றினது அத்தனையையும் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார், சட்டம், பெட்டி, பம்பர், ஸ்டெப்னி, ஒரு போல்ட் விடாமல். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி சூப்பு வைத்திருந்தேன், நன்றாக இருக்கிறது என்றார்.

நிறுத்தினால் எத்தனை நாள் என்று அன்றைக்கே தனியாகக் கேட்டேன், டாக்டரம்மா சரியாகச் சொல்லவில்லை. சில வாரம் என்றார், உடம்பு விட்டால் கொஞ்சம் கூட இருக்கலாம் என்றார். நாளை கடைசித் தடவையாகப் போகிறேன், சொல்லிக்கொண்டு வர வேண்டும் அல்லவா, இந்தக் கடிதத்தை அங்கே இருக்கிற நர்ஸ் தபாலில் சேர்ப்பாள். நீ வரக் கூடாது. அங்கே தங்குவதற்கான பேப்பர் உனக்கு இன்னும் வரவில்லை, ஒரு தடவை வெளியே வந்தால் உன்னைத் திரும்ப உள்ளே விட மாட்டார்கள், பிலாருக்கு அங்கேதான் பள்ளிக்கூடம், அங்கேதான் வாழ்க்கை. வராதே என்று எழுதுகிறேனே தவிர, எழுதும்போது வாசலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலை செய்கிற இடத்தில் படுக்கையில் கிடக்கிற அந்த வயசானவர்களை நீ தனியாகத் தூக்காதே, இன்னொருத்தியைக் கூப்பிட்டுக்கொள், முதுகு போனால் வராது. பிலாருக்குக் காலையில் ஏதாவது கொடுத்து அனுப்பு, பால் மட்டும் போதாது. என் நீலக் கம்பளிச் சால்வையை அவளுக்கென்று மடித்து வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்ப அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கும் குழந்தைக்கும் மாதா எப்போதும் துணை இருக்கட்டும், என் கை உங்கள் இருவர் தலைமேலும் இருப்பதாக நினைத்துக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே. எனக்குப் பிறகு அப்பா காலேத்தாவுக்குச் சாமான் வாங்க வருவார், உனக்குப் போன் பண்ணுவார். என்னைப் பற்றிக் கேட்காதே, போனை வைத்துவிடுவார். வண்டி லிட்டருக்கு எவ்வளவுப்பா குடுக்குது என்று கேள். காற்று எப்படி இருந்தது, எந்தக் கியரில் வந்தார், எந்த மேட்டில் இறக்கினார் என்று ஆரம்பித்துவிடுவார். அவரைப் பேச வைக்க எனக்கு வேறு வழி தெரியாது. அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிரு.

உன் அம்மா,
எல்வீரா