மாடி ஜன்னல்

ஜூன் 4

மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மா அடுத்த மாதக் கடைசியில் காலி செய்கிறாராம். ஆறு வருஷமாக ஒரு தொந்தரவு கிடையாது. ஏனம்மா என்றேன். "அந்த ஜன்னல்தான் சார். மழை வந்தா பாப்பா கட்டில் நனையுது."

அட, ஒரு ஜன்னலுக்காகவா? வருஷா வருஷம் நானே ஏணி போட்டு ஏறி, வெளிவிளிம்பில் சிமெண்ட் பூசித்தானே வந்தேன்! இந்த வருஷம்தான் முழங்கால் விடவில்லை. கடன் வாங்கிக் கட்டிய மாடி. காலியாகக் கிடந்தால் தவணைக்கு நான் எங்கே போவேன்?

ஜூன் 9

வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். கைக்குழந்தையோடு. நான் படியேறும் நிலையில் இல்லை, நர்ஸம்மாவே காட்டினார். "சொல்லி அனுப்பறோம்" என்று போனார்கள்.

ஜூன் 15

சொல்லி அனுப்பவில்லை. இன்று வந்தவர்களும் ஓட்டம். வீட்டில் பேயா இருக்கிறது?

ஜூன் 16

தரகர் போனில் பொரிந்து தள்ளிவிட்டார். "வர்றவங்ககிட்டயெல்லாம் அந்தம்மா, இந்தப் பக்கம் கட்டில் போடாதீங்க, தண்ணி வரும்னு சொல்லுதாம். அப்புறம் எவன் சார் வருவான்?"

என் வீட்டிலேயே இருந்துகொண்டு எனக்கே ஆப்பா! மனைவியிடம் புலம்பினால், "உள்ளதைத்தானே சொல்லிருக்கா" என்கிறாள். இவள் யார் பக்கம்?

ஜூன் 17

படிக்கட்டில் நர்ஸம்மாவை நிறுத்திக் கேட்டேவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "அவங்களுக்கும் குழந்தை இருக்கு சார். நான் வந்தப்போ எனக்கு யாரும் சொல்லலை."

நகர்ந்து வழிவிட்டேன்.

ஜூன் 21

மத்தியானம் அடைமழை. வேலையிலிருந்த நர்ஸம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன்.

பாப்பாவின் கட்டில் அறையின் நட்டநடுவில். ஜன்னலடியில் இரண்டு வாளி. மழை நேரத்தில் கீழே கேட்கும் அந்த இழுக்கிற சத்தம் இந்த வாளிகள்தானா? துணி துவைக்கிறார் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்தேன்.

தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். பூச்சு மேல் பூச்சாக நான் ஏற்றியது விளிம்பில் மேடாகி நிற்கிறது. தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே திரும்புகிறது. அடப்பாவி! ஆறு வருஷமாக அந்தக் குழந்தையின் கட்டிலுக்கு நானே வாய்க்கால் வெட்டிக் கொடுத்திருக்கிறேன். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூன் 24

கொத்தனார் எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, வெளிப்பக்கம் சரிவு வைத்துப் பூசினார். "எல்லாம் இவர் கைவேலைதான்" என்று மனைவி அவரிடம் பெருமையாகச் சொன்னாள். தேவையா?

ஜூலை 2

நல்ல மழை. மாடியில் வாளிச் சத்தம் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 6

வீடு பார்க்க ஒரு குடும்பம் வந்து போனது. பின்னாலேயே நர்ஸம்மா இறங்கி வந்தார். மறுபடியும் என்ன சொல்லித் தொலைத்தாரோ என்று நினைத்தேன்.

"அவங்ககிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை சார். வாடகைக்கு இல்லைன்னு மட்டும் சொன்னேன்." இரண்டு படி ஏறித் திரும்பினார். "பாப்பா கட்டிலை ஜன்னலோரமா போட்டுட்டேன்."

தரகருக்குப் போன் செய்து, இனி யாரையும் அனுப்ப வேண்டாம் என்றேன்.