ஒன்பதாம் கேள்வி

வாயாடிக்கு,

உன் அம்மா வீட்டில் சௌகரியமா? கிளம்பிப் போனதற்கு நான் காரணம் கேட்கப்போவதில்லை.

நான் வேலைக்குப் போக முடியாமல் படுத்துவிட்டாலும் மாதாமாதம் பணம் தரும் காப்பீட்டை எடுக்கச் சொன்னாயே, அந்தப் படிவம் வந்துவிட்டது. ஒன்பதாம் கேள்வி: 'ஆளில்லாமல் குரல் கேட்டதுண்டா?' மறைத்தால் பிறகு கைவிரித்துவிடுவார்களாம். 'ஆம்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

போன் அடித்தது. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார் ஒருவர். தங்கமான மனிதர். நான் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று மாதக் கதையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "மத்ததெல்லாம் எழுதுங்க. ஒன்பதுக்கு மட்டும் இல்லைன்னு போட்டுடுங்க" என்றார். ஏன் என்று கேட்டேன்.

"என்னை எதுக்கு மாப்ளே காட்டிக் கொடுக்கிறே?"

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன், கிரேன் கேபினில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது என்னை மாப்ளே என்று கூப்பிட்டதும் இதே குரல்தான். மாத்திரையை ஒரு வேளைகூட விடவில்லை, சத்தியமாக.

தினமும் நாலு மணிக்கு அடிக்கிறது. ஒரே ஒரு தடவை நீ வந்து எடு. உனக்கும் கேட்டால் தைரியமாக 'இல்லை' என்று எழுதிவிடுகிறேன். கேட்காவிட்டால், தயவுசெய்து முகத்தில் காட்டிக்கொள்ளாதே.

உன் கிரேன்காரன்