சிறுமலையில் இல்லாத மாயம்மாள்

திண்டுக்கல்
12.12.2004

அன்பு மகள் ஜீவிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அந்த டெல்லிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். நீ போனில் பேசி இரண்டு வாரம் ஆகப்போகிறது. உடனே எழுதியிருக்க வேண்டும், எழுத உட்கார்ந்தால் கோபமாக வந்தது, கோபத்தோடு எழுதினால் நீ சாப்பிடாமல் கிடப்பாயே என்று தள்ளிப்போட்டேன். கோபம் போவதாக இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன். அப்பாவின் மோட்டார் கடையில் வேலை குறைவு, இந்த வருஷம் மழை பெய்து கிணறுகளில் தண்ணீர் ஏறிவிட்டது, மோட்டார் புகைந்தால்தானே செம்புக் கம்பிக் காயில் கட்ட ஆள் வரும். ஊருக்கு நல்லது நமக்கு ஆகவில்லை என்று சிரிக்கிறார். கொடைக்கானல் கடைக்காரர் சீசனுக்குக் குல்லா கேட்டிருக்கிறார். வாழைப்பூ மடல் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கிற மாதிரி, வெளியே கருஞ்சிவப்பும் உள்ளே வெளுத்த ரோஸுமாகப் பின்னிப் பார்த்தேன், நுனியில் மடல் விரிகிற இடம் இன்னும் சரியாக அமையவில்லை, மூன்று தடவை பிரித்தாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சைதூன் அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஏண்டி மாயா, இம்புட்டு வெயில்ல உல்லனை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கியே, நீ என்ன ஐஸ் பெட்டிக்குள்ளயா குடியிருக்க" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

அவர் வீட்டுக்குத்தான் நீ போன் செய்தாய். நம் வீட்டு போன் இடி விழுந்ததிலிருந்து ஊமையாகக் கிடக்கிறது என்பது உனக்குத் தெரியும். அங்கே விருந்தாளிகள் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன், இன்னொருவர் வீட்டில் நின்று மகளோடு சண்டை பிடிக்க முடியுமா, நீ சொன்ன ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்றேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா பொன்னழகு சிறுமலையிலிருந்து பழத்தாரோடு இறங்கி வந்தபோதுதான் நீ எல்லா ஏற்பாட்டையும் முடித்துவிட்டாய் என்று தெரிந்தது. "மதினி, உங்களுக்கு எங்க தோட்டத்துல குடிசை ரெடி, மிளகு காயப்போடுற கொட்டகையக் கூட்டிப் பெருக்கி வச்சுட்டேன். பழைய சேலையக் கட்டிக்கிட்டு, வெத்தலையப் போட்டுக்கிட்டு உக்காரணுமாம், இங்கிலீஷ்ல கேட்டா பேந்தப் பேந்த முழிக்கணுமாம், பாப்பா சொல்லிருச்சு. வெத்தலை போடத் தெரியுமா, இல்ல இப்பருந்தே பழகுறீங்களா" என்று கேட்டு ஒரே சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். பிறகு அப்பா வந்து, "பிள்ளை பொழைப்புக்காகக் கேக்குது, ஒரு நாள் கூத்துத்தானே, போயிட்டு வாயேன்" என்றார். அவருக்கு இது கூத்து.

எனக்கு எது வலிக்கிறது என்று உனக்குத் தெரியவில்லை என்றால் சொல்கிறேன். உன் கல்லூரிக் கண்காட்சியில் என் மிளகுச் சால்வைக்குப் பரிசு கிடைத்தது சந்தோஷம். அதன் கீழே மாட்டியிருந்த அட்டையில் எழுதியிருந்ததை நீயே போனில் வாசித்தாய். தெற்கே ஒரு மலையில் எழுதப் படிக்கத் தெரியாத மாயம்மாள் என்ற பெண் தன் கண்ணால் பார்த்த கொடியையும் பூவையும் கைபோன போக்கில் பின்னுகிறாள் என்று இங்கிலீஷில் வாசித்தாய். வாசித்துவிட்டு, எனக்குத் தமிழில் அர்த்தமும் சொன்னாய் ஜீவிதா. உன் கையைப் பிடித்து அந்த இங்கிலீஷ் எழுத்துகளை எழுதப் பழக்கியது யார்? ஊருக்குச் சொன்ன கதையை நீயே நம்ப ஆரம்பித்துவிட்டாயா? பேரைக் கேட்டதுமே எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்று சிரித்தாய். இந்தப் பேரோடுதான் நான் காலேஜுக்குப் போனேன், வருகைப் பதிவு வாசிக்கும்போது பின்னால் யாராவது சிரிப்பார்கள், அப்போது அவ்வளவாக வலிக்கவில்லை. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசி வருஷப் பரீட்சை எழுதினேன், வாந்தி வந்தால் எழுந்து போய்விட்டு வந்து மறுபடி எழுதினேன், தாவரவியலில் முதல் வகுப்பு. வேலைக்குப் போகவில்லை, போக விடவில்லை, அது வேறு கதை. படித்தது எதற்காவது ஆகிறதே என்று நான் ஆறுதல்பட்டுக்கொண்டது இந்தப் பின்னலில்தான்.

கைபோன போக்காம். மிளகுக் கொடியில் இலை ஒரு பக்கம் என்றால் சரம் அதற்கு நேர் எதிர்ப் பக்கம் தொங்கும், அடுத்த கணுவில் அது மாறும். அந்த மாற்றம் சால்வையில் வருவதற்குக் கட்டம் போட்ட தாளில் எத்தனை தடவை வரைந்தேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தாயே. அந்தச் சால்வையை நீங்கள் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள், சரமெல்லாம் மேலே பார்த்து நிற்பது கம்பீரமாக இருப்பதாக உன் புரொபசர் சொன்னாராம். மிளகு எங்கேயாவது மேலே பார்த்துக் காய்க்குமா? நிலக்கோட்டை மல்லிகை மொட்டை வைத்து நான் செய்த மப்ளரையும் மலைப்பூ என்று எழுதிவிட்டாய். சிறுமலையில் யாரும் உல்லன் பின்னுவதில்லை, மிளகு பறிக்கவே அவர்களுக்குப் பொழுது போதாது. பொன்னழகு வீட்டுக்காரி பிளஸ் டூ படித்தவள், தோட்டத்துக் கணக்கெல்லாம் அவள்தான் பார்க்கிறாள். மலையில் இருந்தால் எழுத்துத் தெரியாது என்று நீ சொல்லிவைத்தது அவளுக்கும் சேர்த்து அவமானம், நீ அவளிடம்தான் எனக்குக் கட்டப் பழைய சேலை கேட்டிருக்கிறாய்.

உன் பக்கத்தையும் யோசிக்காமல் இல்லை. தை பிறந்து புரொபசரும் அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களும் வந்து பார்த்துத் திருப்தியானால் உனக்கு அங்கேயே வேலை என்றாய். திண்டுக்கல்லில் ஒரு மோட்டார் கடைக்காரர் பெண்டாட்டி, பி.எஸ்ஸி. படித்தவள் பின்னினாள் என்றால் அதில் அவர்களுக்கு என்ன கதை இருக்கிறது என்று கேட்டாய். நியாயமான கேள்விதான், அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போனது. உண்மை தெரிந்தால் உன் பரிசைப் பிடுங்கிவிடுவார்களோ, கல்லூரியை விட்டே அனுப்பிவிடுவார்களோ, தனியாக எங்கேயாவது உட்கார்ந்து அழுவாயோ என்று எழுவதும் படுப்பதுமாக இருக்கிறேன். ஆனால் இன்றைக்குக் கொட்டகையில் உட்கார்ந்தால் நாளைக்கு அவர்கள் இன்னொரு தடவை வருவார்கள், நீ அந்தக் கம்பெனியில் இருக்கிற வரைக்கும் நான் எழுத்துத் தெரியாதவளாகவே இருக்க வேண்டும். உன் கல்யாணத்துக்கு அவர்கள் வந்தால் நான் எந்தச் சேலையில் நிற்பது?

அதனால் நான் சிறுமலைக்கு வரவில்லை. பொன்னழகிடமும் சொல்லி அனுப்பிவிட்டேன். உன் ஆட்களை இங்கே, நம் வீட்டுக்குக் கூட்டி வா, காரம் குறைத்துச் சமைத்துப் போடுகிறேன், எப்படி வரைகிறேன் எப்படிப் பின்னுகிறேன் என்று அவர்கள் கேட்கிற பாஷையிலேயே சொல்கிறேன். பிடித்தால் வாங்கட்டும். ஆனால் அவர்கள் ரயில் ஏறுவதற்கு முன்னால் நீயே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். என் வாசலில் வந்து நின்று அந்த மலைக்காரி எங்கே என்று அவர்கள் கேட்டால், அப்படி ஒருத்தி இல்லை, என் மகள் பொய் சொன்னாள் என்று பெற்றவள் வாயால் சொல்ல வைத்துவிடாதே. கேட்டால் சொல்லிவிடுவேன், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கோபம் என்று நினைத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடாதே. எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நூறு வருஷம் நன்றாக இரு. அப்பா விசாரிக்கச் சொன்னார். புரொபசரிடம் பேசிய அன்றைக்கே எனக்கு இரண்டு வரி எழுதிப்போடு.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
ஈ. மாயம்மாள்